பழம் பாடல்களும் சூழொலியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்புறமாக அமைந்துள்ள கான்சாபுரம் என்னும் எங்கள் சிற்றூரிலே கோயிற் பொங்கல் என்றால் முதலிற் காதில் விழுவது மேளவொலி அன்று. வேப்பமரத்தின் உச்சியிற் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் பாட்டே. அதனைக் கட்டுகின்றவர் என் தாய்மாமன். ரேடியோ செட் வாடகைக்கு விடும் தொழிலில் நாற்பது ஆண்டுகள் கழித்தவர். இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு, கைபேசி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த கருவிகளனைத்தையும் கையாண்டு, அவற்றுள் முன்னிரண்டையும் இன்னும் மரப்பெட்டியிற் பூட்டி வைத்திருப்பவர்.

சில ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு தகடு வாங்கி வந்தார். மேலுறையில் "5.1 சூழொலி" என்று பொன்னெழுத்திற் பொறித்திருந்தது. உள்ளே இருந்தவை அவர் இளமையில் உருகிக் கேட்ட பழைய திரைப் பாடல்கள். அதற்கென்றே ஆறு ஒலிப்பெட்டிகளைப் பழைய விலைக்கு வாங்கி, வீட்டுக் கூடத்தின் நாற்புறமும் நிறுத்தி, நடுவே நாற்காலியிட்டு அமர்ந்தார். பாட்டு எழுந்தது. முன்னே இருந்து பாடியவரே ஒரு கணம் பின்னிட்டு முதுகுப்புறத்திலிருந்தும் பாடினார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு முழக்கம், அவ்வளவே. மாமன் எழுந்து கருவியை அணைத்துவிட்டு, "மாப்பிள்ளை, நீ கல்லூரியிலே ஒலியியல் படிக்கின்றாயே, இந்தப் பாட்டுக்களை உண்மையாகவே இப்படிச் செய்ய முடியாதா? முடியுமென்றால் ஏன் ஒருவரும் ஒழுங்காய்ச் செய்து விற்கவில்லை?" என்று கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. அதன்பின் தேடிப் படித்தறிந்தவற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

முதற்கண் சூழொலி என்பது யாது? நமக்குக் காது இரண்டு. வலப்புறத்தே ஓர் ஒலி எழுமாயின் அது வலக்காதை முன்னும் இடக்காதைப் பின்னும் எட்டுகின்றது. இவ்விடைவெளி ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவே. ஆயினும் மூளை அதனைக் கொண்டே ஒலி வந்த திசையைக் கணித்து விடுகின்றது. ஒரே ஒலிவழியாய்ப் பதிந்து ஒரே பெட்டியின் வாயிலாக ஒலிக்கும் பாட்டில் இத் திசையறிவுக்கு இடமில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டு ஆலன் பிளம்லீன் என்னும் ஆங்கிலப் பொறியியலார் 1931ஆம் ஆண்டிலேயே இருவழி ஒலிக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அதுவே இன்று ஸ்டீரியோ என வழங்குவது. சூழொலியோ அதனினும் ஒரு படி மேற்சென்றது. முன்னே மூன்று, பின்னே இரண்டு ஆக ஐந்து முழு வழிகளும், முரசின் அதிர்வு போன்ற மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கு மட்டும் ஒரு வழியும் அதற்குண்டு. இவ்வாறாவது வழி ஒலியெல்லையின் ஒரு சிறு கூற்றையே சுமப்பதாகலின் அதனை முழு எண்ணாகக் கொள்ளாது "புள்ளி ஒன்று" என்றனர். 5.1 என்னும் எண்ணின் வரலாறு இஃதே.

ஆகவே ஒரு பாட்டைச் சூழொலியாக்க வேண்டுமாயின் குரல் ஒரு வழியிலும், வயலின்கள் ஒரு வழியிலும், தபலா ஒரு வழியிலும், புல்லாங்குழல் ஒரு வழியிலுமாகத் தனித்தனியே நம் கையில் இருத்தல் வேண்டும். இருந்தாலன்றோ இதனை முன்னும் அதனைப் பின்னும் வைக்கலாம்? நம் பழம் பாடல்களுக்கு முதல் இடையூறு இங்கேயே தொடங்குகின்றது.

1950, 60ஆம் ஆண்டுகளில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு பாட்டு எவ்வாறு பதிவாயிற்று? பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒரே வேளையில் கூடினர். சில ஒலிவாங்கிகளே அவர்கட்குக் கிடைத்தன. எந்த வாத்தியம் எவ்வளவு தொலைவில் இருத்தல் வேண்டும் என்பதை அனுபவத்தாற் கண்டு அமர்த்தினர். பதிவாளர் தம் மேசைமேலுள்ள திருகுகளை அவ்வப்போது ஏற்றியும் இறக்கியும், வந்த ஒலியனைத்தையும் அந்தக் கணத்திலேயே ஒன்றாகச் சேர்த்து ஒரே வழியிற் பதித்தார். நடுவில் ஒருவர் தவறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வுழைப்பின் விளைவே நாம் இன்று கேட்கும் பாட்டு. அதற்கு முந்திய நிலையில், கலவாத தனிக்கூறுகளாக, ஒன்றும் எங்கும் பதிவாகவே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரார்க்கு இதனை விளக்குவது எளிது. பாலும் சர்க்கரையும் அடுப்பேறிச் சுண்டிப் பால்கோவா ஆனபின், பாலை வேறாகவும் சர்க்கரையை வேறாகவும் தருக என்று கடைக்காரரைக் கேட்பாருண்டோ?

மாமன் வாங்கிய தகட்டின் மாயமும் இதனால் வெளியாகின்றது. ஸ்டீரியோப் பாட்டாயின் இடவழிக்கும் வலவழிக்கும் உள்ள வேற்றுமையைப் பிரித்தெடுத்துப் பின்பெட்டிகட்கு அனுப்பி ஒருவாறு ஏமாற்றலாம். ஒருவழிப் பாட்டிலோ இரண்டும் ஒன்றேயாகலின் வேற்றுமை சுழியம். சுழியத்தைப் பின்னே அனுப்பினால் ஒன்றும் கேளாது. அதனால் தகட்டைச் செய்தவர் அதே பாட்டைச் சிறிது தாமதப்படுத்தி, எதிரொலியுங் கூட்டிப் பின்னே விட்டிருக்கின்றார். கிணற்றின் முழக்கம் வந்தது அதனாலேதான்.

மேனாட்டிலும் தொடக்கம் இவ்வாறே இருந்தது. ஆயின் அவர்கள் பல வழி நாடாவுக்கு விரைந்து மாறினர். பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற "சார்ஜென்ட் பெப்பர்" தொகுப்பு நான்கு வழி நாடாக்களைக் கொண்டு அமைந்தது. பிங்க் ஃபிளாய்ட் குழுவினரின் 1973ஆம் ஆண்டுத் தொகுப்பாகிய "நிலவின் இருண்ட புறம்" பதினாறு வழிகளிற் பதிவாயிற்று. வழிகள் தனித்தனியே இருந்தமையால் அதனை அந்த ஆண்டிலேயே நாற்புற ஒலியாக ஆலன் பார்சன்ஸ் என்பவரும், 2003இல் 5.1 ஆக ஜேம்ஸ் கத்ரி என்பவரும் வெவ்வேறாக அமைக்க இயன்றது. தமிழிலோ, ஸ்டீரியோ முறையிற் பாடல்கள் பதிவாகி வந்த முதற்படம் 1978இல் வெளியான "ப்ரியா" என்பர். இசையமைத்தவர் திரு. இளையராஜா. அதன்பின் வந்த பத்தாண்டுகளிற் பல வழி நாடாக்கள் நம் கூடங்களிலும் புகுந்தன. எனவே சூழொலியை உண்மையாய் நாடுவார்க்கு 1978க்குப் பிந்திய பாடல்களே கைக்கெட்டும் கனிகள்.

எட்டுமாயின், அவை ஏன் வரவில்லை? நாடா முதலில் இருத்தல் வேண்டுமன்றோ? இரண்டு அங்குல அகலமுள்ள இருபத்துநான்கு வழி நாடா, சுருள் ஒன்றுக்கு 2,500 அடி நீளமுடையது. வினாடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் அது பதினாறு நிமிஷத்தில் தீர்ந்துபோம். ஏறக்குறைய மூன்று பாட்டுக்கே காணும். விலையும் மிகுதி. பாட்டை ஒன்றாகக் கலந்து முடித்தபின் அந் நாடாவை அழித்து மறு பதிவுக்கு எடுத்துக்கொள்ளுதல் உலகெங்கும் வழங்கிய சிக்கனம். செல்வமிக்க பி.பி.சி. நிறுவனமே 1960, 70களில் தன் தொலைக்காட்சி நாடகங்கள் பலவற்றை இங்ஙனம் அழித்துவிட்டுப் பின்னர் வருந்தியது. அழியாமல் தப்பிய நாடாவுக்கும் வேறு பகை உண்டு. 1970களில் செய்த நாடாக்கள் பலவற்றில் காந்தத் துகளைப் பற்றுவித்த பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும். பாட்டு கண்முன்னே அழியும். 50 பாகை வெப்பத்திற்குச் சற்று மேலே பல மணி நேரம் மெல்லச் சுட்டெடுத்தால் சில நாள் மட்டும் ஓடத்தக்கதாகும்; அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். கடற்காற்று வீசும் சென்னையில், குளிரூட்டாத அறையில், நாற்பது ஆண்டு கிடந்த நாடாவின் நிலையைப் படிப்போரே ஊகித்துக்கொள்க.

அறையாவது நிலைத்ததா எனின், அதுவும் இல்லை. ஜெமினி ஸ்டூடியோவின் பெயர் இன்று ஒரு மேம்பாலத்தின் பெயராக மக்கள் நாவில் நிற்கின்றது. வாகினி ஸ்டூடியோ இருந்த வடபழனி நிலத்திலே மருத்துவமனையும் வணிக வளாகமும் எழுந்துள்ளன. கூடம் மாறும்போது மேசை நாற்காலிக்கு விலை உண்டு. பெயர்ச்சீட்டு உரிந்த நாடாச் சுருளுக்கு விலை ஏது? நம் நாட்டு அசட்டை என்று மட்டும் இதனைப் பழிப்பது நியாயமாகாது. 2008ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ஹாலிவுட்டில் யூனிவர்சல் நிறுவனத்து வளாகத்திற் பிடித்த தீயில் மூல நாடாக்களின் களஞ்சியம் ஒன்று எரிந்தது. அதன் பேரளவு பதினோராண்டு கழித்து 2019இல் ஒரு நாளிதழ் எழுதிய பின்னரே உலகுக்குத் தெரிந்தது. இழந்தவை எத்தனை என்பதில் நிறுவனத்தாருக்கும் நாளிதழுக்கும் பெருங் கருத்து வேறுபாடு எழுந்தது. தம்மிடம் என்ன இருந்தது என்பதற்கே சரியான கணக்கில்லை என்பதன்றோ அதனால் விளங்குவது?

நிற்க. நாடா உண்டு, நன்னிலையிலும் உண்டு, கலந்தமைக்க வல்ல பொறியாளரும் உண்டு என்றே கொள்வோம். அப்பொழுதும் பாட்டு வெளிவராது பெட்டிக்குள் உறங்குவதற்குப் பெருங்காரணம் உரிமைச் சிக்கலே. என் ஆராய்ச்சியில் நான் மிகவும் வியந்த பகுதியும் இதுவே.

ஒரு பாட்டு, சட்டத்தின் கண்ணுக்கு ஒரு பொருள் அன்று, மூன்று பொருள். சொல் ஒன்று, மெட்டு ஒன்று, பதிவு ஒன்று. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு நிற்கும். சொல்லும் மெட்டுமோ ஆக்கியோன் வாழ்நாளும், அவன் இறந்தபின் அறுபது ஆண்டும் காக்கப்படும். 1964ஆம் ஆண்டு ஜனவரியில் பி. ஆர். பந்துலு அவர்கள் வெளியிட்ட "கர்ணன்" படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பாடல்கள் அவ்வாண்டில் வெளியானவை எனக் கொண்டால் அவ்வொலிப்பதிவுகளின் உரிமை 2024 டிசம்பரோடு முடிந்தது. ஆயின் பாடல்களை எழுதிய கவிஞர் கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவர்தம் சொல்லுக்கு 2041 வரை உரிமை உண்டு. மெட்டமைத்த இருவருள் திரு. டி. கே. ராமமூர்த்தி 2013இலும் திரு. எம். எஸ். விசுவநாதன் 2015இலும் மறைந்தனர். கூட்டாகச் செய்த ஆக்கத்துக்குப் பின்னர் மறைந்தவரின் ஆண்டே கணக்காகலின் மெட்டுக்கு 2075 வரை உரிமை உண்டு! பதிவு எவர்க்கும் பொதுவாகி நிற்க, அதனுள் அடங்கிய மெட்டு இன்னும் ஐம்பதாண்டு ஒருவர்க்கு உரியதாய் இருக்கும் விந்தையை என்னென்பது?

அவ்வுரிமையும் யாரிடம் உளது? படத்துக்காகக் கூலி பெற்றுச் செய்த பாட்டு தயாரிப்பாளர்க்கே முதலில் உரியது என்னும் கருத்தை 1977இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. தயாரிப்பாளர் இசைத்தட்டுக் கம்பெனிக்கு விற்றார். கம்பெனி கைமாறியது. தயாரிப்பாளர் காலமானார், மக்கள் பிரிந்தனர். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நிலையை ஓரளவு மாற்றிற்று. திரையரங்கில் படத்தோடு காட்டுதல் ஒழிய ஏனை வழிகளில் வரும் பயனிற் சமபங்கு பெறும் உரிமை, பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் விட்டு நீங்காது என்றது. மற்றொன்றும் சொல்லிற்று: பத்திரம் எழுதிய நாளில் வழக்கில் இல்லாத புதுமுறை எதற்கும், பத்திரத்தில் வெளிப்படையாகக் கூறாவிடின், அவ்வுரிமைமாற்றம் செல்லாது. 1980இல் இசைத்தட்டுக்கும் ஒலிநாடாவுக்குமாக எழுதிய பத்திரத்திற் சூழொலியை எவர் கண்டிருப்பார்? திருத்தத்துக்கு முந்திய பத்திரங்களுக்கு இவ்விதி எவ்வளவு பொருந்தும் என்பதே வழக்கறிஞர்க்கு நீண்ட வாதமாகும். திரு. இளையராஜாவின் பாடல்கள் பற்றி அவருக்கும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் 2019 ஜூனில் ஒரு தீர்ப்பு வந்தது. மேல் முறையீடும் தொடர்ந்தது. வழக்கு நடக்கும் சொத்தின்மேல் எவர் இலட்சக்கணக்கிற் செலவிட்டுக் கட்டடம் எழுப்புவார்?

உரிமை தெளிவாய் இருப்பினும் மனம் ஒவ்வாமை தடையாதல் உண்டு. பிங்க் ஃபிளாய்ட் குழுவினரின் 1977ஆம் ஆண்டுத் தொகுப்பாகிய "விலங்குகள்" 2018இலேயே புதிதாகக் கலக்கப்பட்டு முடிந்தது. ஆயின் வெளிவந்தது 2022 செப்டம்பரில். இடையே நான்காண்டு அது கிடந்ததற்கு நாடா கெட்டதோ பணமின்மையோ காரணமன்று. உறையில் அச்சிட வேண்டிய ஒரு குறிப்புரையைப் பற்றி ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர் என்னும் பழைய தோழர் இருவர்க்கும் உடன்பாடு ஏற்படவில்லை! முடிவில் அக்குறிப்புரை இல்லாமலே அது வெளிவந்தது. எழுபதைக் கடந்த பெரியோர் இருவர் பிணங்கினால் உலகம் காத்திருக்க வேண்டியதே.

பணக் கணக்கையும் சிறிது கூறுவேன். 1970களில் நாற்புற ஒலி வந்தபோது கம்பெனிக்கு ஒரு முறையாக, ஒன்றன் தட்டு மற்றொன்றன் கருவியில் ஒழுங்காய் ஒலியாதபடி செய்துவைத்தனர். வாங்குவோர் குழம்பினர், அம் முறைகள் யாவும் பத்தாண்டு நிறைவதற்குள் மடிந்தன. 2000ஆம் ஆண்டையொட்டி இருவகைப் புதுத் தகடுகள் வந்து அதே தவற்றை மீண்டும் செய்தன. ஆறு பெட்டிகளை வீட்டில் வைப்பவர் எவ்வூரிலும் சிலரே. எங்களூரில் என் மாமன் ஒருவரே. படத்தின் கதை வேறு. "கர்ணன்" படத்தைப் பழுது நீக்கி, ஒலியையும் இக்காலத் திரையரங்குக்கேற்பப் புதுக்கி, திவ்யா பிலிம்ஸ் நிறுவனத்தார் 2012 மார்ச்சில் மறுபடி வெளியிட்டபொழுது அது சென்னையில் நூறு நாள் கடந்து ஓடியது. "ஆயிரத்தில் ஒருவன்" 2014இல் அவ்வாறே வெற்றி கண்டது. ஏனெனின் திரையரங்கில் ஒலிப்பெட்டிகள் முன்னமே இருக்கின்றன. செலவிட்டவர் சீட்டு விற்று மீட்கலாம். தனிப் பாட்டுக்கு அவ்வழி இல்லை. 2021 முதல் கைபேசியிலும் காதுபொறியிலும் டால்பி அட்மாஸ் முறையிற் பாட்டுக் கேட்கும் வசதி பரவியது. தகடு அச்சிடும் செலவு அதனால் ஒழிந்தது. நாடாவைத் தேடும் செலவும் உரிமையாளரைத் தேடும் செலவும் ஒழியவில்லை.

இனி, பால்கோவாவிலிருந்து பாலைப் பிரிக்க இயலாது என்று மேலே எழுதினேன். அக்கூற்றை ஓரளவு திருத்திக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன். பீட்டர் ஜாக்சன் என்னும் திரைப்பட இயக்குநரின் குழுவினர், பீட்டில்ஸ் பற்றி 2021இல் வெளியான படத்தின்பொருட்டு, ஒரே வழியிற் கலந்து கிடந்த குரலையும் கிதாரையும் முரசையும் கணினியைப் பயிற்றுவித்துப் பிரித்தனர். இன்ன வாத்தியத்தின் ஒலி இன்ன வடிவினது என்று ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுக்களால் கணினிக்குக் கற்பித்தால், கலவையினுள்ளும் அது அவ்வடிவை இனங்காண்கின்றது. 1966ஆம் ஆண்டுத் தொகுப்பாகிய "ரிவால்வர்" இம்முறையாற் பிரித்துக் கலக்கப்பெற்று 2022இல் வெளிவந்தது. நம் ஒருவழிப் பாடல்களையும் இங்ஙனம் பிரித்தல் இன்று கூடும். இதே வகையான சிறு செயலியொன்றைக் கொண்டு நானே ஒரு பாட்டைப் பிரித்துப் பார்த்தேன். குரல் வியக்கத்தக்க தூய்மையோடு வந்தது. ஆயின் வீணையும் சித்தாரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தபலாவின் விரல் நுணுக்கம் மழுங்கிற்று. குரலில்லா இடத்தில் அதன் நிழல் மெல்ல நீரடியில் முனகுவது போற் கேட்டது. அச்செயலி மேனாட்டுக் கிதாரையும் முரசையும் கேட்டு வளர்ந்தது. நாகசுரத்தையும் உறுமியையும் அது இனித்தான் கற்க வேண்டும். கற்பிப்பார் யாவர்?

கலைஞர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. வயலின்கள் இருபதும் ஒன்றாய்க் குழைந்து குரலுக்குப் பின்னே மெல்லிய திரைபோல் நிற்க வேண்டும் என்று எண்ணியே ஒருவர் அமைத்திருப்பார். அவற்றைப் பிரித்து முதுகுப்புறத்தில் நிறுத்துவது அவர் கருத்தைத் திரிப்பதாகலாம். ஆக்கத்தைத் திரித்தல் ஆக்கியோன் பெயருக்கு ஊறு விளைக்குமாயின் அதனைத் தடுக்கும் உரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அவர்க்கு அளிக்கின்றது. உயிரோடிருக்கும் இசையமைப்பாளரே உடனிருந்து கலப்பாராயின் இவ்வையம் எழாது. 1978இல் முப்பத்தைந்து அகவையினராய் இருந்தவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். அக்கூடங்களில் திருகுகளைத் திருப்பிய பதிவாளரும், வில்லெடுத்த வாத்தியக்காரரும் அவ்வகவையினரே. எச்சுருளில் எப்பாட்டு உளது என்று பெயர்ச்சீட்டு இல்லாமலே கூறவல்லவர் அவர்கள்தாம்.

இவ்வளவையும் சென்ற விடுமுறையில் மாமனிடம் விரிவாய்க் கூறினேன். அவர் மரப்பெட்டியைத் திறந்து தட்டுக்களை ஒவ்வொன்றாய் எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிவில், "அப்படியானால் அந்த நாடாக்களை இப்போதே யாராவது பிரதி எடுத்து வைக்கவாவது செய்கிறார்களா? கலப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமே" என்றார். சூழொலியைப் பற்றி நூல்கள் எழுதினோர் பலர் பல பக்கத்திற் சொல்லும் கருத்தை அவர் இரண்டு வாக்கியத்திற் சொல்லிவிட்டார். ஆறு பெட்டிகளுள் நான்கை விற்றாயிற்று. எஞ்சிய இரண்டும் கூடத்தின் முன்புறத்தில் இருக்கின்றன. அடுத்த பொங்கலுக்கு மரத்தில் ஏற்ற வேண்டிய குழாய்க்குப் புது வர்ணம் பூசித் திண்ணையில் உலர வைத்திருக்கின்றார்.